குருவியின் நடை

சத்தம் முன்னாலிருந்து வந்தது. குருவியோ பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

சர்... டொக். சர்... டொக். இடிந்த சுவருக்கு உள்ளே, கல் தரையில் யாரோ குருவியைப் போலவே காலை இழுத்து நடந்தார்கள். குருவியின் அப்பா திரும்பிப் பார்த்தார். மகள் கையில் ஒரு சிப்பியோடு மணலில் காலை இழுத்து வந்துகொண்டிருந்தாள். மணலில் அவள் ஷூ சத்தமே போடாது. அது அவருக்குத் தெரியாதா? அவரே செய்த ஷூ. எலும்பு மருத்துவமனையில் அவருக்கு அதுதான் வேலை. கால் குட்டையானவர்களுக்கு அளவெடுத்து, ஒரு பக்கம் மட்டும் அடிப்பாகத்தைத் தடிமனாக வைத்துச் செய்து கொடுப்பார். சொந்த மகளின் இடது காலுக்கும் அப்படிச் செய்ய வேண்டி வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

எதிரொலிதான் என்று சொல்லிக்கொண்டார். மணலில் எழாத சத்தத்துக்கு ஏது எதிரொலி என்று மனம் கேட்டது. அதை அதட்டி உட்கார வைத்தார்.

எல்லாம் மைத்துனன் போட்ட திட்டம். நேற்று முழுக்கப் பாலைவன மேடுகளில் ஜீப்பை ஏற்றி இறக்கி எல்லோருடைய குடலையும் பிடுங்கினான். காலையில் கடலில் இறக்கிவிட்டான். கடைசியாக, பாதி மணலிலும் பாதி தண்ணீரிலும் புதைந்து கிடக்கும் இந்தப் பழைய நகரம். "இதப் பாக்காம போனா வந்ததே வேஸ்ட் மாமா" என்று சொல்லிவிட்டு, அவன் மட்டும் ஜீப் நிழலில் காலை நீட்டிவிட்டான்.

மனைவி இறங்கவே இல்லை. கடற்கரையில் சில பிள்ளைகள் குருவியைப் போல நொண்டிக் காட்டிச் சிரித்ததிலிருந்து அவள் முகம் சரியில்லை. ஜீப் இந்தச் சுவரோரம் வந்து நின்றதும் கொட்டிவிட்டாள்.

"ஷூ போதும், ஷூ போதும்னு ஆபரேஷனத் தள்ளிட்டே போறீங்க. அவ நேரா நடக்கிறத ஒரே ஒரு தடவ பாத்துட்டா போதுங்க எனக்கு. அதுக்கு என்ன கேட்டாலும் குடுத்துடுவேன்."

அவர் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வாசலுக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று அறுந்துபோனது. இருபுறமும் தோள் உரசும் சுவர்கள், கை வைத்த இடமெல்லாம் உப்பாக உதிர்ந்தன. அழுகிய பாசியின் வாடையும், எங்கோ தரைக்கு அடியில் கடல் மூச்சு வாங்குவது போன்ற ஓசையும் வளைந்து வளைந்து போன அந்த நடைவழி முழுக்க அவரோடு கூடவே வந்தன. அவர் கைப்பேசி விளக்கைத் தரையில் அடித்தபடி முன்னால் போனார். மகளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. வீட்டில் அடுப்படியில் இருக்கிறாளா, மாடியில் இருக்கிறாளா என்பதைக் காதே சொல்லிவிடும். சந்தைக் கூட்டத்தில்கூட அப்படித்தான்.

சர்... டொக். பின்னால் வந்தாள்.

"பாத்து வா, குருவி."

"மெதுவாப் போப்பா. நான் வரேன்ல."

எப்போதும் சொல்வதுதான். அவருக்குச் சிரிப்பு வந்தது. நடைவழி இரண்டாகப் பிரியும் இடத்தில் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னால் கேட்டது. எப்போது தாண்டிப் போனாள்? இந்த இடுக்கில் எப்படித் தாண்டினாள்?

"ஏய், நில்லு!"

சத்தம் நிற்கவில்லை. அவர் வேகமாகப் பின்தொடர்ந்தார். எங்கோ வெகு தூரத்தில், "மெதுவாப் போப்பா" என்று கேட்டது. கல்லில் மோதி வரும் குரல், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. காலடியை நம்பினார். காலடி ஒருநாளும் அவரை ஏமாற்றியதில்லை.

சத்தம் நின்றது.

இருட்டில் ஒரு சின்னக் கை அவர் கைக்குள் நுழைந்தது. சில்லென்று இருந்தது.

"பயந்துட்டியா?"

சுவரில் ஒரு பிளவு தெரிந்தது. அதன் வழியே, கையை விடாமல், இருவரும் மணலுக்கு வந்தார்கள். சூரியன் கடலைத் தொட்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. கை தானாக விடுபட்டது. அவள் ஜீப்பை நோக்கி ஓடினாள்.

ஓடினாள்.

மனைவி ஜீப்பிலிருந்து குதித்தாள். "ஏங்க! ஐயோ, பாருங்களேன்! எம்புள்ள ஓடுது!" வாரி அணைத்து, முத்தமிட்டு, அழுது, பின் இருக்கையில் தூக்கி உட்கார வைத்தாள். மைத்துனன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அவர் தரையைப் பார்த்தார். வெறுங்கால் தடங்கள். இடதும் வலதும் ஒரே ஆழம்.

ஷூ எங்கே?

அப்போது கேட்டது. சுவருக்கு உள்ளேயிருந்து.

சர்... டொக்.

மனைவி நிமிர்ந்தாள். அவள் கண்கள் அந்த வாசலுக்குப் போயின. அவளுக்கும் கேட்டிருந்தது. அது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"குருவி உள்ள இருக்கா," என்றார் அவர்.

"குருவி இங்க இருக்கா." மனைவி சட்டையைப் பிடித்து அவரை ஜீப்பின் பின் இருக்கைக்கு இழுத்தாள். அவளுக்கு இவ்வளவு பலம் ஏது? கதவு அறைந்து மூடியது. "வண்டிய எடுடா."

"அக்கா, உள்ள ஏதோ சத்தம்..."

"எடுடான்றேன்!"

ஜீப் சீறியது. அவர் கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. கண்ணாடியைக் குத்தினார். கத்தினார். பின் கண்ணாடியில் வாசல் சிறுத்துக்கொண்டே போனது. அதிலிருந்து குருவி வெளியே வந்தாள். நொண்டியபடி. கையில் சிப்பி. விழுந்தாள். எழுந்தாள். வாய் அசைந்தது. என்ன சொல்கிறாள் என்பது கேட்காமலே அவருக்குத் தெரிந்தது.

"திரும்பிப் பாக்காதீங்க," என்றாள் மனைவி. அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினமும் படுக்கப் போகுமுன் ஷூ நாடாவை அவிழ்த்துவிடச் சொல்லி, குருவி இரண்டு கால்களையும் தூக்கி அவர் மடியில் போடுவாள்.

இப்போது மடியில் ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தார்.

ஈரமான இரண்டு கால்கள். இரண்டும் ஒரே நீளம்.