முதல் சீடு

"என் பேரைச் சொல்லி யாரோ என்னைப் போட்டியிலேருந்து விலக்கிட்டாங்க மேடம்."

இப்படிச் சொல்லிக்கொண்டே கதிரவன் உள்ளே வந்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்த அந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்தை அப்போதுதான் திறந்திருந்தார்கள். லூர்துசாமி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சிப்காட் ரசாயன ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மருமகள் சிந்துஜா தடய ஆய்வக வேலையை விட்டுவிட்டு இந்த அலுவலகத்தைத் தொடங்கியதிலிருந்து, அவளுக்குக் கார் ஓட்டுவதையும் ஆட்களை விசாரிப்பதையும் தாமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். சிந்துஜாவுக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து அவருக்கு வரும்.

அன்றைய முதல் கோபம் வந்தவன் மேலேயே வந்தது. அவர் நீட்டிய தண்ணீர் டம்ளரைக் கதிரவன் இடது கையால் வாங்கினான். ஆலையில் தம்மோடு வேலை பார்த்தவன் மகன், பெரியவர்களிடம் எப்படி வாங்குவது என்றுகூடத் தெரியவில்லையே என்று எரிச்சல்பட்டார். பையனின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"நிதானமா சொல்லுங்க" என்றாள் சிந்துஜா.

"நாளைக்குச் சிதம்பரத்துல மாநில ஆடவர் டென்னிஸ் ஆரம்பிக்குது. ஜெயிக்கிறவனுக்குச் சென்னை இன்டர்நேஷனல்ல ஆட எடம். ரேங்க்ல நான்தான் முதல். முதல் சீடு எனக்குத்தான் வரணும். காலையில பாத்தா என் பேரே இல்ல. ரேங்க்ல ரெண்டாவதா இருக்கிற சித்தார்த்தை முதல் சீடா போட்டிருக்காங்க."

"சீடுன்னா என்னாப்பா?" என்று லூர்துசாமி குறுக்கிட்டார்.

"நல்லா ஆடுறவங்க ஆரம்பத்துலயே மோதிக்கக் கூடாதுன்னு பிரிச்சு வைக்கிறது மாமா" என்றாள் சிந்துஜா. " முதல் ஆளை அட்டவணையில மேல வைப்பாங்க, ரெண்டாவது ஆளைக் கீழ வைப்பாங்க. சீடு இல்லாதவன் குலுக்கல்ல யார்கிட்ட வேணாலும் மாட்டுவான்."

மாவட்ட டென்னிஸ் சங்கச் செயலாளர் ஜெயப்பிரகாஷிடம் போய்க் கேட்டிருக்கிறான். 'நீதானே நேத்து சாயந்திரம் போன் பண்ணி விலகிக்கிறேன்னு சொன்ன? வேணும்னா லேட் என்ட்ரியா ஆடிக்க, சீடு கிடையாது' என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அழைப்பு கதிரவனின் எண்ணிலிருந்தே போயிருந்தது.

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"சிதம்பரம் டென்னிஸ் கோர்ட்டுல, சித்தார்த்தோட பிராக்டிஸ்ல இருந்தேன். போன் பிளேயர்ஸ் ரூம்ல பையில கெடந்தது. டச் சரியில்லைன்னு லாக்கை எடுத்துட்டேன், யார் வேணாலும் பேசலாம்."

"ரூமுக்கு யார் போனாங்க?"

"கிரவுண்டைப் பாத்துக்கிற சிலம்பரசன் அண்ணன் இருந்தார். சித்தார்த்தோட அப்பா தில்லைநாதன் சார் இருந்தார், ஜவுளிக்கடைக்காரர், அவர்தான் போட்டிக்கு ஸ்பான்சர். வேற யாரும் வரல."

"அந்த கிரவுண்டுக்காரனைப் புடிச்சு நாலு தட்டு தட்டுனா தானா சொல்லிடுவான்" என்றார் லூர்துசாமி.

"வண்டிய எடுங்க மாமா. முதல்ல சங்கத்து ஆபீஸ்."

சங்க அலுவலகத்தில் ஜெயப்பிரகாஷ் சிரித்த முகத்தோடு நாற்காலி காட்டினார். பக்கத்தில் தலைமை நடுவர் இசைவாணி உட்கார்ந்திருந்தார். மதுரையிலிருந்து இந்தப் போட்டிக்கென்று வந்தவர். இங்கே ஆடும் எவரையும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நேத்து சீடிங் பேசிக்கிட்டிருக்கும்போதுதான் போன் வந்தது" என்றார் இசைவாணி. "சார் ஸ்பீக்கர்ல போட்டார். குரல் கரகரன்னு இருந்துச்சு, ஃபேன் சத்தம் வேற. 'வலது மணிக்கட்டு வீங்கிப்போச்சு, ராக்கெட்டையே புடிக்க முடியல, என் பேரை எடுத்துடுங்க'ன்னு சொன்னாங்க. வச்சப்புறம் சார் கொஞ்ச நேரம் போனையே பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம், 'பாவம், எடுத்துடலாம்'னார்."

"மணிக்கட்டு விஷயத்தை வெளியில யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உடல்நலக் காரணம்னு மட்டும்தான் அறிவிச்சோம்."

"நீங்க சார்?"

"யார்கிட்டயும் மூச்சு விடல" என்றார் ஜெயப்பிரகாஷ். "இதைப் போயி பெரிசு பண்ணுறீங்களே மேடம். சின்னப் பையன், அடுத்த வருஷம் ஆடிக்குவான்."

லூர்துசாமிக்குக் காது மடல் சூடாகியது. அடுத்த வருஷமாம். யாருடைய வருஷத்தை யார் தூக்கிக் கொடுப்பது? சிந்துஜா கண்ணால் அடக்கியிராவிட்டால் அங்கேயே கேட்டிருப்பார்.

சிதம்பரம் போகும் வழியில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். "ஒனக்குக் கோவமே வராதாம்மா?"

"வந்தா கேள்வியெல்லாம் மறந்துடும் மாமா."

சிதம்பரத்தில் மைதான வாசலெங்கும் தில்லைநாதனின் ஜவுளிக்கடைப் பேனர்கள் தொங்கின. சிலம்பரசன் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். லூர்துசாமி முறைத்த முறைப்பில் அவன் கயிற்றை விட்டுவிட்டான்.

சிந்துஜா எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "கதிரவன் கை இப்ப எப்படி இருக்கு?"

"கைக்கு என்னா?" என்றான் சிலம்பரசன். "நேத்து அந்த எடது கைக்கு நான்தான் டேப் சுத்தி உட்டேன். நல்லா இருந்துச்சே."

சித்தார்த் முகம் சிவந்து போயிருந்தது. "நல்லாத்தான் இருக்கு. நேத்து அவன் போட்ட லெஃப்டி சர்வீஸ் ஒண்ணைக்கூட என்னால எடுக்க முடியல. அப்படி இருக்கறவன் எதுக்கு விலகினான்னு எனக்குப் புரியல."

தில்லைநாதன் அன்பாகப் பேசினார். மகனின் ஆட்டங்களை எடுத்த வீடியோக்களைத் தாமே காட்டினார். போன மாதம் சித்தார்த் கதிரவனிடம் தோற்ற ஆட்டமும் அதில் இருந்தது. படம் முழுக்க சித்தார்த் மட்டுமே ஓடினான். பந்து எங்கிருந்தோ வந்தது, எங்கோ போனது. வலைக்கு அந்தப் பக்கம் யார் ஆடுகிறார்கள் என்று ஒரு இடத்திலும் தெரியவில்லை.

"எதிராளியை எடுக்க மாட்டீங்களா?"

"அவனுங்கள எதுக்கும்மா எடுக்கணும்? என் புள்ளையைப் பாக்கவே எனக்குக் கண்ணு பத்தல."

"கதிரவன் கை எப்படி இருக்கு சார்?"

"பாவம், ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. மணிக்கட்டு வீக்கத்தோட ஆடுனா வலது கையே போயிடும். சின்ன வயசு."

சிந்துஜா தலையாட்டினாள். "குலுக்கலுக்கு நேரமாச்சு. எல்லாரும் உள்ள வாங்க."

அறையில் சுவரோரம் பெரிய அட்டவணைப் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கடலூரிலிருந்து இசைவாணியும் ஜெயப்பிரகாஷும் வந்துவிட்டார்கள். கதிரவன் கதவருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"குலுக்கல் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்" என்றாள் சிந்துஜா. "நேத்து கதிரவன் போன்லேருந்து பேசினவர், வலது மணிக்கட்டு வீங்கினதால ராக்கெட்டைப் புடிக்க முடியலன்னு சொன்னார். கதிரவன் ராக்கெட்டைப் புடிக்கிறது இடது கையில. பேசினவருக்கு அது தெரியல. கூட ஆடுற சித்தார்த்துக்குத் தெரியும், தவிர அவர் அப்ப கோர்ட்டுல இருந்தார். டேப் சுத்துற சிலம்பரசனுக்கும் தெரியும். தெரியாதவர் ஒருத்தர்தான், எத்தனையோ ஆட்டத்தைப் பாத்தும் மகனைத் தவிர யாரையும் பாக்காதவர்."

டம்ளரை வாங்கிய கை அப்போதுதான் லூர்துசாமிக்கு உறைத்தது. கண்ணெதிரே இருந்ததைப் பார்த்துவிட்டு மரியாதை தெரியாதவன் என்று நினைத்தோமே என்று தம் மேலேயே ஆத்திரம் வந்தது.

"இது என்னா பேச்சு?" என்று தில்லைநாதன் எழுந்தார். "தெரியாம இருந்தா குத்தமா? போன் பேசினது நான்தான்னு எப்படிச் சொல்லுவ?"

"நீங்களே சொன்னீங்க சார். உடல்நலக் காரணம்னுதான் அறிவிப்பு. மணிக்கட்டுங்கறதும் வலதுங்கறதும், போன்ல பேசினவருக்கும் அதைக் கேட்ட ரெண்டு பேருக்கும் மட்டுந்தான் தெரியும். கேட்டவங்க வெளியில சொல்லல. இப்ப வெளியில நின்னு என்கிட்ட நீங்க சொன்னீங்க."

தில்லைநாதன் ஜெயப்பிரகாஷைப் பார்த்தார். ஜெயப்பிரகாஷ் தரையைப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்கு" என்று சிந்துஜா அவர் பக்கம் திரும்பினாள். "மேடம் வெளியூர்க்காரங்க, ஏமாந்துட்டாங்க. நீங்க எப்படி ஏமாந்தீங்க சார்? கதிரவன் ஆடுறதை வருஷக்கணக்கா பாக்குறீங்க. வலது கைன்னு காதுல விழுந்ததும் அது அவன் இல்லன்னு ஒங்களுக்குப் புரிஞ்சுது. போனையே பாத்துக்கிட்டிருந்தது அதுக்குத்தான். யார் குரல்னுகூடத் தெரிஞ்சிருக்கும்."

"அவர் இல்லன்னா இந்த டோர்னமென்டே இல்ல மேடம்" என்று முணுமுணுத்தார் ஜெயப்பிரகாஷ். "நான் எதுவும் செய்யல. கேட்டேன், அவ்வளவுதான்."

லூர்துசாமியால் அதற்கு மேல் முடியவில்லை. "கேட்டுட்டு வாய மூடிக்கிட்டல்ல, அதுதான்யா நீ செஞ்சது. இந்தாளாவது புள்ளப் பாசத்துல கண்ணு அவிஞ்சு செஞ்சான். நீ கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டு ஒரு பையனைக் குழியில தள்ளிட்டு, அடுத்த வருஷம் ஆடிக்குவான்னு எங்ககிட்டயே சொல்ற."

இசைவாணி எழுந்தார். "சீடிங் ரேங்க்படி திரும்பப் போடப்படும். கதிரவன் முதல், சித்தார்த் ரெண்டு. நடந்ததை இன்னிக்கே மாநிலச் சங்கத்துக்கு எழுதறேன். சார், நீங்க இந்த மேஜையை விட்டு எழுந்திருங்க."

ஜெயப்பிரகாஷ் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றார். தில்லைநாதன் மகனின் தோளைத் தொட்டார். "ஒனக்காகத்தான்டா செஞ்சேன்."

சித்தார்த் அந்தக் கையைத் தட்டிவிட்டான். "நான் தோத்துடுவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. ஊர்ல ஒருத்தன்கூட என்னை இவ்வளவு கேவலமா நெனைச்சதில்ல." பையைத் தூக்கித் தோளில் மாட்டினான். "மேடம், என் பேரை எடுத்துடுங்க. நான் ஆடல."

வாசலில் நின்ற கதிரவன் வழிவிடவில்லை.

"போனா கால ஒடிச்சுடுவேன்" என்றான். காலையிலிருந்து அவன் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் குரலில் இருந்தது. "நீ இல்லாத டோர்னமென்ட்ல நான் ஜெயிச்சா, நாளைக்கு என்னா சொல்லுவானுங்க? சித்தார்த் இல்ல, அதனால ஜெயிச்சான்பானுங்க. ஒங்க அப்பா என் எடத்தை எடுத்துக்கிட்டது பத்தாதா, நீ என் வெற்றியையும் எடுத்துக்கிட்டுப் போறியா? பைய கீழ வைடா."

சித்தார்த் தோளிலிருந்து பட்டையைக் கழற்றினான். பிறகு பையைக் கீழே வைத்தான். தில்லைநாதன் யாரையும் பார்க்காமல், மகன் கூப்பிடுவான் என்று வாசல்வரை மெதுவாக நடந்து, கூப்பிடாததால் வெளியே போனார்.

இசைவாணி பேனாவை எடுத்தார். பலகையின் முதல் வரியில் கதிரவன் பெயரை எழுதினார். குனிந்து, கடைசி வரியில் சித்தார்த் பெயரை எழுதினார். நடுவில் முப்பது வரிகள் காலியாக இருந்தன. இனி அவர்கள் இருவரும் இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நிற்க வேண்டுமானால் வழியில் ஒருவரிடமும் தோற்காமல் வர வேண்டும்.

இருவரும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவர் முகத்திலும் கோபம் அப்படியே இருந்தது.