எண்பத்தைந்து எம்.எம். பொய்!

"ஆஆஆ...!"

ஜனக்புரியின் அந்த நான்கு மாடி வீட்டு உச்சியிலிருந்து கிளம்பிய அலறல், தரைக்கு வந்ததும் சட்டென்று நின்றது.

காய்கறி வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருடைய முட்டைக்கோஸ் குவியலுக்கு நாலடி தள்ளிக் கிடந்தார் சங்கரநாராயணன். வயது அறுபத்து மூன்று. ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஓய்வுபெற்ற டைரக்டர். கோட், டை, பாலிஷ் போட்ட ஷூ... போட்டோவுக்காக முகத்தில் பூசிய பவுடர்கூடக் கலையவில்லை.

உயிர் மட்டும் இல்லை!

ஒரு மணி நேரம் கழித்து, காலை பத்தரைக்கு, அந்த மொட்டை மாடியில் மண்டியிட்டு முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவரைப் படமெடுத்துக் கொண்டிருந்தாள் ஜ்யோத்ஸ்னா. டெல்லி போலீஸின் க்ரைம் டீம் போட்டோகிராபர். பத்து வருடமாகப் பிணங்களையும் ரத்தக் கறைகளையும் எடுத்து எடுத்து, உயிரோடு இருப்பவர்கள் மேல் அவளுக்கு மரியாதை குறைந்து போயிருந்தது.

"மேடம்... அது கேமராவோட ஃப்ரீயா வர்ற லென்ஸா?"

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. ப்ரசன்னா! ஆறடி உயரம், கறுப்பு குர்தா, குடுமி. போர்ட்ரெய்ட் போட்டோகிராபர். இவனிடம் படமெடுத்துக்கொள்ள டெல்லியின் பாதிப் பெரிய மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். மீதிப் பேர் நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"ஆமா. ஃப்ரீதான்." ஜ்யோத்ஸ்னா திரும்பவில்லை.

"அதுல முகமெல்லாம் எப்படி வருமோ..."

"நான் எடுத்த முகம் எதுவும் இதுவரைக்கும் கம்ப்ளெயின்ட் பண்ணினதில்ல, சார்."

இன்ஸ்பெக்டர் சிவகுமார் மீசைக்குள் சிரித்தார். மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், இந்தியில் மூச்சு விடுவார்.

"அச்சா, ப்ரசன்னா ஜி. நடந்ததை இன்னொரு வாட்டி சொல்லுங்க. ஜல்தி!"

"எத்தனை வாட்டி சார்? அவருக்கு ஒரு போர்ட்ரெய்ட் வேணும்னார். கிளப் சுவத்துல மாட்டறதுக்கு. போர்ட்ரெய்ட்னா எண்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ்தான் சார். நான் தள்ளி நின்னாலும் அது முகத்தைக் கிட்டக் கொண்டு வந்துடும். மூக்கு மூக்கு அளவுல, காது காது அளவுல இருக்கும். அதை மாட்டிக்கிட்டுப் பத்தடி தள்ளி நின்னேன். அஞ்சு படம் எடுத்தேன். அவரா பின்னால நகர்ந்தார். சுவர் தடுக்கிச்சு... போயிட்டார்!"

"நீங்க பிடிக்கல?"

"பத்தடி சார்! எனக்கென்ன ரப்பர் கையா?"

படிக்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ராஜம் தலையை ஆட்டினாள். இறந்தவரின் மனைவி. ஐந்தடிக்கும் குறைந்த உயரம். சாயம் போன காட்டன் புடவை. கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"இவன் மேல தப்பில்ல. நானும் இங்கேயேதான் நின்னுண்டிருந்தேன். எல்லாத்தையும் பாத்தேன்."

"பாத்தீங்களா சார்?" ப்ரசன்னா காலை நீட்டி உட்கார்ந்தான். "நான் கிளம்பலாமா? மூணு மணிக்கு ஷூட் இருக்கு."

ஒருத்தர் செத்துக் கிடக்கிறார்... இவனுக்கு ஷூட்!

ஜ்யோத்ஸ்னா கையுறையைச் சரிசெய்துகொண்டு அவனுடைய கேமராவை எடுத்தாள். முகப்பில் எண்பத்தைந்து எம்.எம். பித்தளைப் பட்டை போட்ட பழைய காலத்து லென்ஸ்.

"எந்த லென்ஸ்ல எடுத்ததுன்னு கேமராவுல பதிஞ்சிருக்குமே?" என்றார் சிவகுமார்.

"பதியாது," ப்ரசன்னா முந்திக்கொண்டான். "என் லென்ஸ் எல்லாமே பழைய மேனுவல். கலைஞர்கள் வச்சிருக்கறது!"

"கலைஞருக்கு மூக்கு தெரியுமா?" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

"என்னது?"

அவள் திரையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்த மூக்கைப் பாருங்க! கத்திரிக்காய் மாதிரி முன்னால தள்ளிக்கிட்டு நிக்குது. காது ரெண்டும் பின்னால ஓடி ஒளிஞ்சாச்சு. பத்தடி தள்ளி நின்னு எடுத்தா முகம் இப்படி வராது. இது இருபத்துநாலு எம்.எம். வைட் ஆங்கிள். ஒண்ணரை அடியில நின்னு எடுத்தது!"

ப்ரசன்னாவின் கால் தானாக மடங்கியது.

"இன்னும் கேளுங்க சார்." அவள் சிவகுமார் பக்கம் திரும்பினாள். "அவர் தோளுக்குப் பின்னால, சுவத்துல ஒரு டிஷ் ஆன்டெனா தெரியுதா? முதல் படத்துல தீப்பெட்டி அளவு. ரெண்டாவதுல கொஞ்சம் பெரிசு. அஞ்சாவதுல சாப்பாட்டுத் தட்டு! ஆனா முகம் மட்டும் அஞ்சு படத்துலயும் ஒரே அளவு."

"அப்படின்னா?"

"அவர் பின்னால போகப் போக, கேமரா விடாம முன்னால வந்திருக்கு. மூக்குகிட்ட கேமராவை நீட்டினா யாரா இருந்தாலும் ஒரு அடி பின்வாங்குவாங்க. இன்னொரு அடி... இன்னொரு அடி... சுவர் வர்ற வரைக்கும்! படமெடுத்தே அவரை விளிம்புக்கு ஓட்டியிருக்காங்க சார்!"

சிவகுமாரின் கை ப்ரசன்னாவின் குர்தா காலரில் விழுந்தது.

"சலோ, கலைஞரே!"

"சார்! ஐயோ, நான் இல்ல! நான் மாடியிலேயே இல்ல!" அந்த ஆறடி உடம்பு தொளதொளத்தது. "வைட் லென்ஸ்தான் மாட்டியிருந்தேன். மாடி, பூந்தொட்டி எல்லாம் சேர்ந்து வரட்டும்னு... அவர் கத்தினார். எண்பத்தஞ்சுதான் வேணும், இன்டர்நெட்ல படிச்சேன், போய்க் கொண்டான்னார். கேமராவை ஸ்டூல் மேல வச்சுட்டு கார்கிட்ட போனேன். அப்படியே ஒரு சிகரெட்... ஒரு போன்..."

"அப்புறம்?"

"அலறல் கேட்டு ஓடி வந்தேன். இந்த ஆன்ட்டிதான் சொன்னாங்க. விளிம்புகிட்ட அவரைத் தனியா விட்டுட்டுப் போனேன்னு சொன்னா பழி உன் மேலதான் விழும். நீ இங்கேயே, தள்ளி நின்னு எடுத்தேன்னு சொல்லு, நான் சாட்சி சொல்றேன்னு! பயத்துல, பத்தடிக் கதைக்குப் பொருந்தட்டும்னு லென்ஸை மாத்தி மாட்டிட்டேன் சார்!"

"பக்வாஸ்! நல்லாக் கதை விடறே!"

"கதை இல்ல சார்," என்றாள் ஜ்யோத்ஸ்னா மெல்ல. அவள் ஐந்தாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவர் ஆறடி. செத்தவர் அஞ்சே முக்கால். இவர் கண்ணு உயரத்துல வச்சு எடுத்திருந்தா வழுக்கை தெரிஞ்சிருக்கும். இதுல மூக்குத் துவாரம் தெரியுது. யாரோ கீழேயிருந்து அண்ணாந்து எடுத்திருக்காங்க."

"குனிஞ்சு எடுத்திருக்கலாமே?"

"குனியல."

மூவரும் திரும்பினார்கள்.

ராஜம் எழுந்து நின்றிருந்தாள். எழுந்தும், அவள் தலை சிவகுமாரின் தோளுக்குக் கீழேதான் இருந்தது.

"அவனை விடுங்கோ. அவனுக்கு அவ்வளவு தைரியமெல்லாம் கிடையாது."

காற்றில் ஆன்டெனா மட்டும் கிறீச்சிட்டது.

"எங்களுக்கு ஒரே பொண்ணு. மது. வேற ஜாதியில கல்யாணம் பண்ணிண்டான்னு ஆல்பத்துல இருந்த அவ முகத்தையெல்லாம் கத்திரியால வெட்டினார். போன வருஷம் புனேயில பிரசவத்துல போயிட்டா. போன் வந்தது. கதவைப் பூட்டிச் சாவியை ஜேபில போட்டுண்டு, டீவியில கிரிக்கெட் பாத்தார். எம்பொண்ணு முகத்தைக் கடைசியா ஒரு தடவை பாக்க விடல!"

ஜ்யோத்ஸ்னா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். எத்தனையோ முகங்களைக் கடைசியாகப் பார்த்தவள் அவள். முன்பின் தெரியாத முகங்கள்! பெற்றவளுக்குக் கிடைக்காதது சம்பளத்தோடு அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு அவர் முகத்துக்குப் பவுடர் பூசிண்டு நிக்கறார். சுவத்துல மாட்டணுமாம். கேமரா அங்கேயே இருந்தது. எடுத்தேன். உனக்கென்னடி தெரியும், கீழ வைன்னு சிரிச்சார். அமுக்கினேன். கிட்டப் போனேன். அமுக்கினேன். நாலாவதுல சிரிப்பு நின்னுடுத்து. கடைசி அடி மட்டும் அவர் போகல..." ராஜம் தன் வலது கையைப் பார்த்தாள். "அதை நான் பாத்துண்டேன்."

சிவகுமார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பெண் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். ராஜம் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரும் பிடிப்பதற்கு முன்னால் தானே படியிறங்கினாள். ஜ்யோத்ஸ்னா அவளைப் படமெடுக்கவில்லை. எடுக்க வேண்டியது விதி. இன்றைக்கு விதி கொஞ்சம் காத்திருக்கட்டும்!

ப்ரசன்னா முகத்தைத் துடைத்துக்கொண்டான். குடுமியை இறுக்கினான். ஐந்து நிமிடத்தில் பழைய ப்ரசன்னா திரும்பிவிட்டான்.

"மேடம்... ஒரு சின்ன விஷயம். அந்த நாலாவது படம் இருக்கே... அந்தக் கண்ணுல அந்த பயம்... என் வாழ்க்கையில அப்படி ஒரு போர்ட்ரெய்ட் வந்ததில்ல. கேமரா என்னுதுதானே? கண்காட்சியில வைக்கலாம்னு... எடுத்தது நான்னே இருந்துட்டுப் போகட்டுமே?"

ஜ்யோத்ஸ்னா கேமராவைச் சாட்சியப் பைக்குள் போட்டு அரக்கு வைத்தாள்.

"தாராளமா இருக்கட்டும் சார். ஆயுள் தண்டனையையும் உங்க பேருக்கே எழுதிடச் சொல்லட்டுமா?"