ஆல்ட்டோ வரிசையில் ஓர் இடைவெளி

"அங்கன நிக்காதீங்க!"

நல்லதம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். கையில் மைக் ஸ்டாண்டு. எதிரே, சாரலில் நனைந்த நீலச் சேலையும் மூக்குக்கு மேலே கோபமுமாக ஒரு பெண்... அந்தக் கண்களைப் பார்த்ததும், மைக்கை எங்கே வைக்க வந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

"ஏங்க? ஆளில்லாத எடம்தானே?"

"ஆள் நிக்குது."

அவன் குனிந்து பார்த்தான். தென்காசிக் கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் மேடையில், பெண்கள் நிற்கும் வரிசையின் நடுவே, ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் தரைதான் இருந்தது.

"எனக்குத் தெரியலியே..."

"தெரியாட்டி என்ன? தள்ளி நில்லுங்க."

"சரி... இந்த மைக்கை மட்டும் ஓரமா வச்சுக்கிடலாமான்னு அந்த ஆள்கிட்டக் கேட்டுச் சொல்லுங்களேன்."

சிரிப்பாள் என்று நினைத்தான். அவளோ அந்த வெற்றிடத்தின் பக்கம் திரும்பி, கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "வச்சுக்கிடுங்க" என்றாள். நல்லதம்பிக்கு முதுகு சில்லிட்டது. சாரல்தான் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான்.

அவள் பெயர் சுகிர்தம். பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போய்ப் பாடும் கொயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். அந்தக் கொயருக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால், வருஷம் திரும்பும்வரை அவர் நின்ற இடத்தில் வேறு ஆள் நிற்கக்கூடாது. இந்த இடம் சுகிர்தத்தின் அக்கா ரத்தினத்துடையது.

போன வருஷம் மதுரையில், அக்கா காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்க, நிகழ்ச்சியை நிறுத்த முடியாமல் தங்கை மேடை ஏறினாள். இவள் மேடையில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே அக்கா போய்விட்டாள். அன்றிலிருந்து சுகிர்தம் பாடவில்லை. வரிசையில் நிற்பாள், வாயை அசைப்பாள், சத்தம் மட்டும் வராது. பாவம், அதை யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

ஆனால் கொயர் மாஸ்டர் ஞானதுரையின் காது சும்மா இருக்குமா? "ஏட்டி, இந்த ரெக்கார்டுல உன் குரல் கேக்கணும். இல்லேன்னா கொழும்புப் பயணத்துக்கு நீ வரவேண்டாம், வீட்லயே இரு" என்று, காலையில் குற்றாலத்து விடுதியை விட்டுக் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். பாட்டை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது...

டிசம்பரில் கடைக்கு வரவேண்டிய கிறிஸ்துமஸ் இசைத்தட்டுக்கு ஆனி மாதச் சாரலில் பாட்டெடுத்தார்கள். மெட்ராஸ் கம்பெனிக்காக டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான், செங்கோட்டைக்காரனான நல்லதம்பி. முதல் பாட்டு முடிந்ததும் எல்லாருக்கும் போட்டுக் காட்டினான்.

எல்லாக் குரல்களுக்கும் அடியில் இன்னொரு குரல் இருந்தது. மேலே ஏறும் முன் சின்னதாக ஒரு மூச்சு இழுத்து... ரத்தினத்தைத் தவிர யாரும் அப்படி இழுக்கமாட்டார்கள். ஞானதுரை ஆர்மோனியத்தின் மேல் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் ஒருத்தி விசும்பத் தொடங்கினாள்.

சுகிர்தம் நேரே நல்லதம்பியிடம் வந்தாள்.

"போன வருசம் உங்க கம்பெனி எங்களை எடுத்துச்சே, அந்த டேப்பு மேலயே எடுத்திருக்கீங்க. அதுல எங்க அக்கா பாடியிருக்கா. பழச அழிக்காம எங்களை வேடிக்கை பாக்குதீங்களா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. தொழிலைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? முத்திரை உடைக்காத புது டேப்பு ஸ்பூலை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தான். "நீங்களே பிரிங்க."

பிரித்தாள். மறுபடி பாடினார்கள். மறுபடியும் அந்தக் குரல் கேட்டது.

தப்பாகப் பேசிவிட்டோமே என்று சுகிர்தத்துக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வீம்பு விடவில்லை. அவன்தான் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா தங்கச்சி குரல் ஒண்ணுபோலத்தான் இருக்கும். உங்களுக்கே தெரியாம நீங்க பாடுதீங்களோ என்னவோ..."

"நான் பாடவே இல்ல!"

எல்லார் முன்னாலும் ரகசியம் கொட்டிவிட்டது. மாஸ்டர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"அப்ப கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க. நீங்க இல்லாம ஒருக்க எடுத்துப் பாப்போம்" என்றான் நல்லதம்பி.

வாசலில் போய் நின்றாள். கதவைச் சாத்தினார்கள். ஆடைக்குள் ஊசியாய் இறங்கியது சாரல். உள்ளே பாட்டு தொடங்கியது... அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நின்ற நல்லதம்பியின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சிரித்தான்.

"குரல் இல்லீங்க. நான் மட்டும் முதல்ல கேட்டுப் பாத்தேன். டேப்பு வீணாகக்கூடாதுன்னு உடனே அழிச்சும் போட்டேன். அது நீங்கதான். தைரியமாப் பாடுங்க."

சுகிர்தம் அவனையே பார்த்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய், அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். முதலில் நடுங்கி, பிறகு தெளிந்து, வாய்விட்டுப் பாடினாள்! ஞானதுரை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொழும்புக்குப் பெட்டியைக் கட்டுட்டி" என்றார்.

சாயங்காலம் கொயர் முழுவதும் குற்றாலத்தில் அருவிக்கரைக்கு ஓடிவிட்டது. சுகிர்தம் மட்டும் பாலத்தில் நின்றாள். பின்னால் தயங்கித் தயங்கி வந்தான் நல்லதம்பி.

"டேப்பு விசயத்துல... நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது" என்றாள் அவள், திரும்பாமலே.

"நானும் ஒண்ணு சொல்லணும். பொய் சொல்லிட்டேன். நீங்க வெளிய நின்னப்பவும்... அந்தக் குரல் கேட்டுச்சு. ஹெட்போன்ல, என் காதுக்குள்ளயே நின்னு பாடுத மாதிரி... பயந்துபோய்த்தான் அழிச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"கதவுக்கு வெளிய எனக்கும் கேட்டுச்சே..."

அருவி இரைந்துகொண்டிருந்தது.

"அப்புறம் எப்படிப் பாடுனீங்க? பயமா இல்லையா?"

"நான் சும்மா நிக்கதனாலதான் என் பாட்டையும் சேத்து அவ பாடுதான்னு தோணிச்சு. எத்தனை நாளைக்கு அவளையே பாட விடுதது? பிறகு... நீங்க. அவ்வளவு பயந்து போயும், எனக்காகச் சிரிச்சுக்கிட்டு வந்து பொய் சொன்னீங்களே..."

"சுகிர்தம்... 'அங்கன நிக்காதீங்க'ன்னு வெரட்டுனீங்களே, அப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு. செங்கோட்டைக்குப் போய் எங்க அம்மாகிட்டச் சொல்லட்டுமா?"

அவள் கன்னம் சிவந்தது. அவன் ஆசையோடு அவளுக்கு இடப்பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தான்... சட்டென்று நின்றுவிட்டான். பாலம் முழுக்கச் சாரலில் நனைந்து கிடந்தது. அவளுக்கு இடப்பக்கம், ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும், தரை காய்ந்திருந்தது.

சுகிர்தமும் அதைப் பார்த்தாள். பயப்படவில்லை. முந்தானையை ஒதுக்கி, வலப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டாள்.

"அங்கன ஆள் நிக்குது" என்றாள் மெல்ல. "இந்தப் பக்கம் வாங்க... இங்கன யாருமில்ல."