கவர்னர் கொடுத்த ஓட்டு

"ஐயோ... கள்ள ஓட்டு!"

ஃபர்வானியா ஹாலே அதிர்ந்தது. அலறியவர் சேதுமாதவன். வளைகுடா நாட்டுத் தமிழ்ச் சங்கத்தின் அசைக்க முடியாத தலைவர்! உடம்பில் இன்னும் வெள்ளைக்கார கவர்னரின் கோட்டு.

அன்று ஆண்டுவிழா நாடகம், சங்கத் தேர்தல் இரண்டும் ஒரே மேடையில். நாடகக் கதை, வெள்ளையர் ஆண்ட ஆப்பிரிக்காவில் ஒரு சட்டசபைத் தேர்தல். அந்த மண்ணின் ஜனங்களுக்கு ஓட்டு கிடையாது. அந்த ஜனங்களாக நடித்தவர்கள் கம்பெனி கேம்பில் தங்கியிருக்கும் கட்டடத் தொழிலாளிகள்.

சங்கத்திலும் அவர்களுக்கு ஓட்டு மாஃபி... கிடையாது. ஃபேமிலி விசா இருந்தால்தான் மெம்பர்!

முன்வரிசை மெம்பர்கள் ஆப்பிரிக்காவுக்காகக் கண்ணைக் கசக்கினார்கள்.

சங்கத் தேர்தலில் தலைவரை எதிர்த்து நின்றவள் நர்ஸ் பானுமதி. காரணம் ஒன்றுதான்... விமல்! கட்டட சைட்டில் விழுந்து செத்த கேம்ப் ஆள். கம்பெனி கைவிரித்துவிட்டது. சங்கம் பொறுப்பேற்றால்தான் பிணவறையிலிருந்து ஊருக்குப் போவான். 'அவன் மெம்பரா?' என்று கேட்டுக் கையெழுத்துப் போட மறுத்தவர் சேதுமாதவன். பாவி மனுஷன்!

இப்போது எண்ணிப் பார்த்தால் ஓட்டுப் பெட்டியில் மெம்பர்களைவிட இரண்டு மடங்கு சீட்டு. பானுமதி அமோக வெற்றி!

"சித்தீக் பாய்! போலிச் சீட்டு அடிச்சது எவன்?"

தேர்தல் அதிகாரி முகம்மது சித்தீக் மளிகைக்கடைக்காரர். நிதானமான ஆள்.

"போலி இல்ல தலைவரே. எல்லாத்துலயும் ஒங்க கையெழுத்து..."

"எப்படி?"

"நாடகத்துக்குத் தனியா சீட்டு அடிக்கணும்னு பானுமதி கேட்டுச்சு. 'தேர்தல் சீட்டுல மிஞ்சுனதையே எடுத்துக்குங்க, எதுக்கு தண்டச் செலவு'ன்னு நீங்கதான சொன்னிய!"

"பெ... பெட்டி?"

"பொட்டிக்கும் அதேதான் சொன்னிய."

தலைவர் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"அவனுங்க கையில சீட்டக் குடுத்தவன் எவன்? அவன இப்பவே போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கறேன்!"

சித்தீக் தொண்டையைச் செருமினார்.

"கடைசி சீன்ல கவர்னர் மனசு மாறி, எல்லாருக்கும் தன் கையால சீட்டு குடுப்பாரு. அவங்களும் முத்திரை குத்திப் பொட்டியில போடுவாங்க..."

"ஆமா, அதுக்கென்ன?"

"கவர்னர் வேஷம் எனக்குத்தான்னு அடம்பிடிச்சது யாரு தலைவரே?"

தலைவர் கவர்னர் கோட்டைக் கழற்றி வீசினார்.

"செ... செல்லாது! மறுதேர்தல்!"

"சும்மா இருங்க!" முன்வரிசையிலிருந்து எழுந்தவள் மனைவி ஜோதிமணி. "'இன்று முதல் எல்லோருக்கும் ஓட்டு'ன்னு நீங்க முழங்கினத நான் லைவா போட்டுட்டேன். உங்களைப் புகழ்ந்து ஊரே கமென்ட் போடுது. இப்ப மாத்திப் பேசினா காறித் துப்புவாங்க!"

ஹால் எழுந்து கைதட்டியது. பானுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு விமலுக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கேம்ப் மேஸ்திரி சோலையப்பன் பவ்யமாக நெருங்கினான்.

"கவர்னரய்யா... அடுத்த வருஷ நாடகத்துல நீங்க எங்க கூட்டத்துல ஒரு ஆளா நில்லுங்க. ரொம்ப ஈஸி... வசனமே கிடையாது!"