பலகைக்கு அடியில் புதைத்தது

ஊர்ப் பெயர்ப்பலகையின் இடது காலருகே அவன் புதைத்துவிட்டுப் போன சாராய பாட்டிலைக் காணோம். ஹென்னிங் மறுபடி குழிக்குள் கையை விட்டுத் துழாவினான். டிசம்பர் குளிரில் மண் கல்லாக இறுகிக் கிடந்திருக்க வேண்டும். இதுவோ பிசைந்த மாவு போலக் கையோடு வந்தது. யாரோ அண்மையில் தோண்டி மூடியிருக்கிறார்கள்.

அந்நாட்டுத் தச்சர்களின் பழைய வழக்கப்படி, தச்சு வேலை கற்று முடித்தவன் மூன்று வருஷமும் ஒரு நாளும் சொந்த ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல் உலகம் சுற்றி உழைத்துவிட்டு வர வேண்டும். புறப்படும்போது புதைத்த பாட்டிலைத் திரும்பி வரும்போது அவனே தோண்டியெடுத்து, பலகைமேல் ஏறிக் குதித்து ஊருக்குள் போக வேண்டும். புதைத்த இடத்தை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது. ஹென்னிங் ஒரே ஒருவனிடம் உளறியிருந்தான்.

யோரிஸிடம். அவனும் ஊர் சுற்றும் தச்சன்தான். இடது கையில் இரண்டு விரல்களை ரம்பத்துக்குக் கொடுத்தவன். நமீபியாவில் ஒரு பள்ளிக்கூடக் கூரைமேல் உட்கார்ந்து இருவரும் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"உனக்கென்னப்பா, போனா கதவத் திறக்க அம்மா இருக்காங்க. எனக்கு ஏறிக் குதிக்க ஒரு பலகைகூட கிடையாது."

"மூக்கச் சிந்தாதடா. நான் போகலன்னா நீ போ. இடது கால் பக்கமாத் தோண்டு. அம்மா கசகசா கேக் சுட்டு வச்சிருப்பாங்க."

"நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான்."

மறுவாரம் அதே கூரையிலிருந்து யோரிஸ் விழுந்தான். ஹென்னிங்தான் சவப்பெட்டி செய்தான், மூடியில் ஆணி அறைந்தான், அந்த ஊரின் சிவப்பு மணலைத் தள்ளிக் குழியை மூடினான்.

இப்போது பலகையின் மேல்விளிம்பைப் பிடித்து ஏறியபோது உள்ளங்கையில் ஏதோ நறநறத்தது. அந்தி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தான். சிவப்பு மணல்.

அதற்குப் பிறகு அவன் நடக்கவில்லை, ஓடினான். ஊர் சுற்றும் தச்சன் கைபேசி வைத்துக்கொள்ளக்கூடாது என்பதும் விதி. வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசிப் பார்க்கவும் வழியில்லை. தெருவில் விறகுப் புகையும் வறுத்த வெங்காயமும் மணக்க, ஜன்னல்களுக்குப் பின்னால் ஆட்கள் சாதாரணமாக நடமாட, அவன் வீட்டு வாசலில் மட்டும் நனைந்த மண்ணின் வாடை கனமாக நின்றது. அம்மா உயிரோடிருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு கதவைத் தட்டினான்.

"யாரு?" அம்மாவின் குரல்.

"நான்தாம்மா. ஹென்னிங்."

உள்ளே நாற்காலி ஒன்று மெல்ல நகர்ந்தது.

"எனக்குப் பிள்ளை கிடையாது. வேற வீடு பாரு."

"அம்மா, கதவத் திற."

சங்கிலி நீளத்துக்குக் கதவு திறந்தது. அம்மா பாதியாக இளைத்திருந்தாள். கண்கள் மட்டும் அவனை அள்ளி அள்ளிக் குடித்தன. இடுக்கு வழியாகக் கையை நீட்டி அவன் மார்பில் வைத்துத் தள்ளினாள்.

"போயிடுடா," உதடு அசையாமல் சொன்னாள். "பாட்டில மேசையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். தூங்கறதில்ல. மண்ணுக்குள்ள தனியா இருக்க முடியலயாம். நீ வந்ததும் சேர்ந்து குடிச்சிட்டு உன்னக் கூட்டிட்டுப் போவானாம்." பிறகு வீடு முழுக்கக் கேட்கும்படி, "போங்கறேன்ல. யாரோ குடிகாரன்."

"நீயும் வந்துடும்மா. இப்பவே."

"என்ன விடமாட்டான். நீ ஓடு."

ஓடியிருக்கலாம். உலகத்தில் அவனுக்குத் தெரியாத சாலை இல்லை. ஆனால் தள்ளிய அம்மாவின் விரல்கள் அவன் மார்பைவிட்டு அகலவில்லை. அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அடுக்களையில் ஒரு கண்ணாடிக் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம்.

இன்னொன்று.

இன்னொன்று.

காலடி எதுவும் கேட்கவில்லை. வாடை மட்டும் நெருங்கியது. அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. நகங்களில் சிவப்பு மணல். மூன்றே விரல்கள். அவசரமே இல்லாமல் சங்கிலியைக் கழற்றி, கதவை அகலமாகத் திறந்துவிட்டது.