ஊட்டிவிட்டுப் போனவள்

மார்கழி பிறந்த வாரத்தில், ஒரு பெட்டியோடு டோம்பிவிலியிலிருந்து செம்பூருக்கு வந்து சேர்ந்தாள் பானுமதி. அப்பாவோடு ராத்திரி தங்க வைத்திருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். இனி மகள்தான் பார்க்க வேண்டும். மூச்சு வாங்க மாடியேறி மணியை அழுத்தியதும், பகலில் வேலைக்கு வரும் பேராச்சி கதவைத் திறந்தாள்.

உள்ளே ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. பம்பாய்க் குளிர் மற்றவர்களுக்கு ஒரு ஸ்வெட்டரோடு போய்விடும். பக்கவாதத்தில் விழுந்துவிட்ட மகாதேவனுக்கோ அது எலும்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது. கம்பளிக்குள் சின்னதாகக் கிடந்தவர் மகளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"ருக்கு எங்கே?"

அக்கா ருக்கு ஆடி மாதமே மாரடைப்பில் போய்விட்டாள். எத்தனை முறை சொன்னாலும் அவர் மனதில் நிற்பதில்லை.

பானுமதிக்கு அழுகை வரவில்லை. பழைய பொறாமைதான் தலைதூக்கியது. சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்கு மூத்தவள் போதும். கல்யாணமே வேண்டாமென்று கூட இருந்துவிட்ட ருக்குவும் தங்கையை அவர் பக்கத்தில் விட்டதில்லை. ஒரு தம்ளர் வெந்நீரை எடுத்துப் போனால்கூட, "உனக்குத் தெரியாது, தள்ளு" என்று வாங்கிக்கொண்டு போவாள்.

மறுநாள் காலை வெந்நீரும் துண்டுமாக அப்பாவிடம் போனாள். போர்வையை விலக்கியவள் அப்படியே நின்றாள். அவர் உடம்பு துடைத்து விட்டிருந்தது. காலுறை மாட்டியிருந்தது. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயின் வாசனை, இப்போதுதான் தடவியதுபோல் சூடாக எழுந்தது.

அப்போதுதான் பேராச்சி செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். "நான் இப்பத்தானக்கா பஸ்ஸ விட்டு இறங்குதேன். நீங்க தொடச்சு விட்டியளா?"

"ருக்கு வந்துட்டுப் போனா" என்றார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு.

கஞ்சியைக் கொண்டு போனால் வாயை இறுக மூடிக்கொண்டார். "வயிறு ரொம்பிடுத்து. அவ ஊட்டிட்டா."

தினமும் இதே கதை. பானுமதி முந்தி எழுந்து பார்த்தாள். பயனில்லை. அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பயந்திருக்க வேண்டும்தான். ஆனால் செத்த பிறகும் அக்காதான் ஜெயிக்கிறாள் என்ற எண்ணம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு நாள் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்த பேராச்சி, அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, பெரியவரு வத்திக்கிட்டே வாராரு. வயித்துல ஒண்ணும் இல்ல. யாரு ஊட்டுனாலும் சரி, அது சோறு இல்லக்கா."

பானுமதி அடுப்பைப் பற்ற வைத்தாள். கஞ்சியைக் குழைத்துக்கொண்டு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் மட்டும் மூச்சு புகையாக வந்தது.

ஸ்பூனை அவர் உதட்டருகே கொண்டு போனாள்.

அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ஈரமான, சில்லென்ற கை. கண்ணுக்குத் தெரியவில்லை. விரல்கள் அழுந்திய இடம் மட்டும் வெளுத்துப் பள்ளமானது.

காதருகே ஒரு மூச்சு.

"உனக்குத் தெரியாது. தள்ளு."

பானுமதி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"நீ இருக்கறச்சயே என்னைக் கிட்ட விடலை. இப்பவுமா அக்கா?" குரல் உடைந்தது. "இவர் எனக்கும் அப்பா. பட்டினியால செத்துண்டிருக்கார். உன் சோறு இனிமே அவர் உடம்புல ஒட்டாது. விடு."

பிடி இறுகியது. எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

பிறகு, மெல்ல, ஒவ்வொரு விரலாக விலகியது.

அப்பா வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டார். கடைசி வாயை விழுங்கிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"பானுவா? எப்போ வந்தே?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷமும் காத்திருந்தோம் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அவர் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அதன்பின் வீடு அமைதியானது. அப்பா வேளைக்குச் சாப்பிட்டார். கன்னத்தில் சதை பிடித்தது. கூப்பிட்டதெல்லாம் பானுவைத்தான். தை பிறந்து குளிர் குறைய ஆரம்பித்தது.

ஒருநாள் காலை அப்பாவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது, பானுமதியின் கையிலிருந்து வளையல் தானாகக் கழன்று தரையில் உருண்டது. அதை எடுத்துக் கொடுத்த பேராச்சி, அவள் மெலிந்த கையையே பார்த்தாள்.

"அக்கா, நீங்க எப்ப சாப்பிட்டிய?"

"இப்பத்தான். வயிறார." சொல்லிவிட்டு யோசித்தாள். என்ன சாப்பிட்டோம்? மிளகு ரசம் சாதம், நெய் விட்டுப் பிசைந்தது. நாக்கில் இன்னும் அந்தக் காரம் இருந்தது. இந்த வீட்டில் அவள் ரசம் வைத்து எத்தனையோ நாளாகிறது. ஆனால் யாரோ உருட்டி உருட்டி வாயில் வைத்தார்கள். எத்தனை ஆசையாக வைத்தார்கள்! அக்கா தனக்கு ஒரு வாய்கூட ஊட்டியதில்லை என்ற குறை எப்போது போனதென்றே தெரியவில்லை.

"எனக்குப் பசியே இல்லை பேராச்சி" என்று சிரித்தாள்.

அப்பா இட்லியைத் துப்பினார். பானுமதியின் தோளுக்கு மேலே, பின்னால் எதையோ வெறித்தார். அவர் உதடு, மிட்டாய் கிடைக்காத குழந்தையைப்போல் பிதுங்கியது.

"அவளுக்கு மட்டும்தானா, ருக்கு?"