அரசிக்கு ஏது லீவு?

“ஏய், நீ இறங்கு. உதவி ஆணையர் ஏறப் போறாங்க,” என்றது லிஃப்ட்.

தமயந்தி இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு இறங்கி நின்றாள். ஆளுக்கேற்றபடி கூப்பிடும் இந்த விளிப்பொறி வந்து பதினோரு வருடம் ஆகிறது. லிஃப்ட், ஆஸ்பத்திரி வாசல், ரேஷன் கடை, வீட்டுக் கதவு, எங்கும் அதுதான். ஆளின் முகத்தைப் பார்க்கும், பதவிப் பட்டியலைப் பார்க்கும். பதவி இருந்தால் ‘வாங்க’, இல்லாவிட்டால் ‘வா’. வீட்டை நடத்துகிறவர்களுக்குப் பட்டியலில் பெயரே கிடையாது. நாசமாய்ப் போகிற பொறி, எழுபது வயதுப் பெண்களையும் ‘ஏய்’ என்றது.

பெண்கள் மனுப் போட்டார்கள்: எங்களை ‘இல்ல நிர்வாகி’ என்று பதியுங்கள். மனு பதவிச்சொல் துறைக்குப் போனது. அதன் இயக்குநர் இளஞ்சேரன், தமயந்தியின் கணவன்.

“நிர்வாகின்னு போட்டா வாரத்துக்கு ஒரு நாள் லீவு குடுக்கணும், சட்டம் அப்படி,” என்றான் சாப்பிட்டுக்கொண்டே. “அதனால ‘இல்லத்தரசி’ன்னு போட்டுட்டேன். அரசிக்கு ஏது லீவு? எப்படி என் மூளை? நாளைக்கு நம்ம வீட்லதான் முதல் சோதனை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து.”

அவள் ரசத்தை ஊற்றினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பட்டியலில் சொல் ஏறியது. விளிப்பொறிக்குக் கிண்டல் தெரியாது, முகஸ்துதி தெரியாது. அகராதிதான் தெரியும். அரசி என்றால் ஆள்பவள். அவள் வீட்டில் மற்றவன் வெறும் குடிமகன். அரசு கொடுத்த பதவியெல்லாம் அரசிக்குக் கீழே.

இளஞ்சேரன் புதுச் சட்டையோடு வாசலுக்கு வந்தான். பத்து மணிக்கு விழா. இந்தச் சொல்லைக் கண்டுபிடித்ததற்காக அவனைச் செயலாளர் ஆக்கப்போகிறார்கள்.

“எங்கே கிளம்பிட்டே?” என்றது கதவு. “அரசியார்கிட்ட கேட்டியா?”

“யாரைப் பார்த்து... நான் இயக்குநர்!”

“அது இங்கே செல்லாது. உனக்குப் பதவியே இல்லை. ஓரமா நில்லு.”

அவன் சமையலறைக்கு ஓடினான். “தமயந்தி, திறக்கச் சொல்லும்மா. நேரமாகுது.”

கல்யாணமான பதினாறு வருடத்தில் முதல் ‘அம்மா’. அவள் அவசரப்படவில்லை. வெங்காயம் முழுவதையும் நறுக்கினாள். நிற்கட்டும் என்று பூண்டையும் உரித்தாள்.

“உன் கால்ல வேணா விழறேன். எனக்கு ஏதாவது ஒரு பதவி குடுக்கச் சொல்லு, அப்பத்தான் இது விடும்!”

கதவு பணிவாகக் கேட்டது. “அரசியார் சொன்னாப் பதிஞ்சிடறேன். நாடு முழுக்க அதுதான் செல்லும். இவன் இந்த வீட்டுல என்ன வேலை பார்க்கிறான்?”

பழி வாங்க ஒரு பொய் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்கு முன் நியாயமாக யோசித்தும் பார்த்தாள். துணி? இல்லை. பாத்திரம்? இல்லை. மகளின் பள்ளிக்கூடம் எந்தத் தெரு என்றுகூட அவனுக்குத் தெரியாது. பொய்யே தேவைப்படவில்லை.

“சாப்பிடுவாரு,” என்றாள்.

கதவு திறந்தது. விட்டால் போதும் என்று அவன் ஓடினான்.

விழா மண்டபத்தில் அமைச்சர், அதிகாரிகள், கேமராக்கள். தமயந்தி டிவியின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் படியில் கால் வைத்ததும் வாசல் விளிப்பொறி முழு மரியாதையோடு குரல் கொடுத்தது.

“சாப்பிடுபவர் அவர்களே, வாங்க வாங்க! பந்தி பின்பக்கம்ங்க. மேடையில உங்களுக்கு வேலை ஒண்ணும் இல்லீங்க.”